பக்கம் 112க்குப் பிறகு

பேராசிரியர் பிழைத்துக்கொண்டார் என்ற செய்தி கடைக்கு வந்து சேர்ந்தபோது, கடைக்காரன் அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்த புத்தகம் ஒன்றின் உள்ளட்டையில் பென்சிலால் விலை எழுதிக்கொண்டிருந்தான். செய்தியைக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, பேராசிரியரின் மனைவியேதான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். ஒரு கையில் காலி ஃபிளாஸ்க், இன்னொரு கையில் மருந்துச் சீட்டு செருகிய பை. வாசற்படியில் நின்று, சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்யாத முகத்தோடு, "தம்பி, அவர் பொழச்சுட்டார். குழாயெல்லாம் எடுத்துட்டாங்க. வர்ற புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க," என்றாள். "ரொம்ப சந்தோஷம்மா," என்றான் கடைக்காரன். மனதாரத்தான் சொன்னான். எழுதிய விலை பாதியில் நிற்க, அவனும் அந்த அம்மாளும் ஒரே சமயத்தில் திரும்பிக் கடையைப் பார்த்தார்கள். சரித்திரத் தட்டில், கவிதைத் தட்டில், பயணத் தட்டில், வாசலில் போட்டிருந்த பெஞ்சில்கூட, எங்கே பார்த்தாலும் பேராசிரியர்தான் இருந்தார்.

கல்லூரி இருக்கிற ஊரில் பழைய புத்தகக் கடை நடத்துவது ஒரு தினுசான பிழைப்பு. படிப்பு தொடங்கும்போது விற்ற புத்தகம் பரீட்சை முடிந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வரும். ஒரே இயற்பியல் புத்தகத்தை ஏழு வருஷத்தில் ஏழு தடவை விற்றிருக்கிறான் இந்தக் கடைக்காரன். அதைப் படித்துத் தேறியவர்களில் ஒருவர் இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அதெல்லாம் முன்னறையில். ஜெராக்ஸ் கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே இரண்டே அறைகள். பின்னறையில்தான் நிஜமான கடை. எண்பது வருஷம், நூறு வருஷம் ஆன பதிப்புகள், பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடி அலமாரி. அந்த அறைக்குச் சரக்கு எங்கிருந்து வரும் என்றால், படித்தவர் போய்விட்ட வீடுகளிலிருந்து வரும். வேறு எங்கிருந்தும் வராது. இதில் கடைக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள் போய் ஒரு மாதம் ஆகாமல் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டான். முன்னால் போனால் கழுகு என்பார்கள், ரொம்பப் பின்னால் போனால் எடைக்குப் போட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த விதியை மீறியதில்லை என்று அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பேராசிரியர் விஷயத்தில் மீறிவிட்டான். ஆள் போய் ஒரு மாதம் என்ன, ஆள் போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம். மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலை அம்மாளிடமிருந்து போன் வந்தது: எல்லாப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா, இன்றைக்கே. சரியாக யோசிக்கிற மனுஷன் என்றால், அவசரம் வேண்டாம் அம்மா, பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருப்பான். இவன் வேனோடு போனான். அதைவிடக் கேவலம், அந்த அலமாரிகளின் முன்னால் நின்றபோது உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பியது. சனிக்கிழமை தவறாமல் பத்தரை மணிக்கு வந்து, நின்றபடியே மூன்று புத்தகங்களைப் பாதிவரை படித்துவிட்டு, நான்காவதைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போகும் மனிதர். வகுப்பில் ஒரு வாக்கியம் சொன்னால் அதை விளக்க மூன்று வாக்கியம் சொல்வாராம், அதனால் மாணவர்கள் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. அந்த அடிக்குறிப்பு நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பொறுக்கிச் சேர்த்த அறுநூற்று நாற்பது புத்தகம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாள் அறைக்குள் வரவே இல்லை. அவன் பணம் வைத்துக் கொடுத்த கவரையும் வாங்கி எங்கேயோ வைத்தாள். இப்போது அதே கவரைப் பிரிக்காமல் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவருக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது தம்பி," என்றாள். "புத்தகம் போச்சேன்னு வருத்தப்படுவார், அது பரவாயில்ல. இன்னும் நாலு வாங்கினா தீர்ந்துடும். ஆனா நான் உயிரோட இருக்கும்போதே என்னை எடுத்துட்டியான்னு ஒரு பார்வை பார்த்தார்னா, அதுக்கு என்ன பண்ணுவேன்? நாற்பத்து நாலு வருஷம் குடும்பம் பண்ணியிருக்கேன். அந்தப் பார்வைக்கு எங்கிட்ட பதில் இல்ல."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரனின் மனைவி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருப்பது அந்தக் கடையில் அடிக்கடி நடக்கிற விஷயமல்ல. இப்போது எழுந்து வந்து அம்மாளின் கையிலிருந்த ஃபிளாஸ்கை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கம்மா. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. இவர் எடுத்துட்டு வந்த புத்தகம்தானே, இவரே கொண்டுபோய் வைப்பார்," என்றாள். புருஷனைப் பார்த்த பார்வையில் அதற்குமேல் எழுதப்பட்டிருந்ததைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நல்ல பழக்கம் அவனைக் காப்பாற்றியது. எந்த வீட்டில் புத்தகம் எடுத்தாலும், முதல் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்வான். ஒருவர் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறார் என்பதிலிருந்தே சரக்கின் தரம் தெரிந்துவிடும் என்பது அவன் தொழில் ரகசியம். அப்படி எடுத்த முப்பத்தொன்பது படங்கள் போனில் இருந்தன. முதுகுகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்பு படிக்கலாம். வரிசை கிடைத்துவிட்டது. கிடைக்காதது, இந்த மூன்று வாரத்தில் விற்றுப்போன இருபத்து மூன்று புத்தகம்.

சின்ன ஊர் என்பதால் யார் வாங்கினார்கள் என்று தெரியும். சின்ன ஊர் என்பதாலேயே காரணத்தைச் சொல்லவும் முடியாது. இன்று தையல்கடையில் சொன்னால் நாளை ஆஸ்பத்திரி வார்டில் கேட்கும். முதலில், விலை தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். மருந்துக்கடைக்காரர், "விலை கம்மியாப் போட்டது உன் தப்பு, வாங்கினது என் அதிர்ஷ்டம்," என்று கையை விரித்தார். அப்போதுதான் வாயில் அந்தப் பொய் வந்தது. "அதில்லீங்க. அந்த லாட்டுல பூச்சி இருந்திருக்கு. முட்டை வெச்சிருக்கும். உங்க வீட்டு அலமாரிக்குப் பரவிடப்போகுதேன்னு ஓடி வந்தேன்." மருந்துக்கடைக்காரர் உள்ளே போய்ப் புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கேயும் தடையே இல்லை. பூச்சி என்ற சொல்லைக் கேட்டதும் பேராசிரியர்களும் வக்கீல்களும் ஆராய்ச்சி மாணவர்களும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் கையில் படாமல் முறத்தில் வைத்து நீட்டினார். இரண்டே நாளில் பத்தொன்பது புத்தகம் திரும்பிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து முன்னறையில் கூட்டம் குறைந்தது.

"பூச்சிக் கடைன்னு பேர் வெச்சாச்சு," என்றாள் மனைவி. "எதிராளிகூட இப்படிச் செய்யமாட்டான். நீங்களே தெருத் தெருவாப் போய்த் தண்டோரா போட்டுட்டு வந்துட்டீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வேனை எடுத்துட்டுப் போனீங்களே அன்னைக்கு, அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம வீட்டுல இருந்திருக்கலாம்."

இந்த இடத்தில் அவனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாதபோது கோபம் எங்கிருந்து வரும்?

அம்மாள் தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து பதினோரு மணிக்கு வந்துவிடுவாள். பின்னறையில் தரையில் செய்தித்தாளை விரித்து, அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து உள்ளட்டையில் இருந்த பென்சில் விலையை ரப்பரால் அழிப்பாள். அழுத்தினால் காகிதம் உரியும், லேசாக ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்று கடைக்காரன் காட்டிக்கொடுத்தான். முதல் நாள் இருபது புத்தகத்துக்கே விரல் வலித்தது அவளுக்கு. மூன்றாம் நாள் அவனைவிட வேகமாக அழித்தாள். அவள் புத்தகம் படிக்கிறவள் அல்ல. பேராசிரியரின் அலமாரியைத் துடைத்திருக்கிறாளே தவிர, திறந்து பார்த்ததில்லையாம். இப்போது ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் பார்க்க நேர்ந்தது. சிலவற்றில் வாங்கிய தேதியைக் குறித்து வைத்திருந்தார். "இது பெரியவன் பொறந்த வாரம். இந்த மனுஷன் அப்பவும் கடைக்குத்தான் போயிருக்கார்," என்று ஒரு முறை சிரித்தாள். தேய்த்துக்கொண்டே, யாரும் கேட்காமலேயே சொன்னாள்: "ஆஸ்பத்திரியில இருக்கறவரைக்கும் தெரியல தம்பி. வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டா, சுவர் முழுக்க இதுங்கதான். அவர் எப்ப வருவார், எப்ப வருவார்னு கேட்டுட்டே நிக்கிற மாதிரி. டாக்டர் அப்படிச் சொன்ன அன்னைக்கு என்னால அதுங்க முன்னாடி நிக்க முடியல. பயமா இருந்துச்சு. அதான் உங்களுக்குப் போன் போட்டேன்." கடைக்காரனின் மனைவி தலையைத் தூக்காமல் ரப்பர் தூளை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று பிறகு சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் இருபத்திரண்டு புத்தகம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. ஐந்நூறு பிரதிதான் அச்சடித்தார்கள் என்று சொல்லப்படுகிற ஒரு பழைய நாவல். பழுப்புத் துணி பைண்டிங். அதை வாங்கியது நீலச் சைக்கிளில் வந்த ஒரு மாணவி. பெயர் தெரியாது, எந்த விடுதி என்று தெரியாது, கல்லூரிக்கு விடுமுறை வேறு விட்டிருந்தது. விற்றது மனைவி. கடைக்காரன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பழைய நாவல்தானே என்று வாசல் பெஞ்சில் கிடக்கும் மலிவுப் புத்தகத்தின் விலைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். இந்த விவரம் வெளியே வந்த அரைமணி நேரம் கடை வெகு அமைதியாக இருந்தது. கடைக்காரன் அந்த அமைதியைக் கொஞ்சம் அனுபவித்தான் என்றே சொல்ல வேண்டும்.

அந்த நாவலின் இன்னொரு பிரதி ஊரிலேயே ஒரே இடத்தில்தான் இருந்தது. கண்ணாடி அலமாரியில், இரண்டாவது தட்டில், இடமிருந்து நான்காவது. அதே பதிப்பு, அதே பழுப்புத் துணி. ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறான். இரண்டு பேர் நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. வாங்கிய அன்றே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்து எண்ணி, ஒரு ஏடு குறையாத பிரதி என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தான். இப்போது அலமாரியைத் திறந்து அதை எடுத்து, சீட்டை உருவிக் கிழித்துப் போட்டான். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவன்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மனைவி சொன்னாள். ஆனால் குரலில் காரம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பெரிய மனசுதான்," என்றும் சொன்னாள். இருபது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது இரண்டாவது தடவை.

சாயங்காலம் வேனில் எல்லாம் போயிற்று. படத்தைப் பார்த்துப் பார்த்து, தட்டுத் தட்டாக, சாய்ந்து நின்ற புத்தகத்தைச் சாய்த்தே நிறுத்தி, குறுக்கே படுத்துக் கிடந்ததைக் குறுக்கே படுக்கவைத்து, மூவருமாக அடுக்கினார்கள். முடிந்ததும் அம்மாள் அறை வாசலில் நின்று சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அந்த அறைக்குள் அவள் முகம் தெளிந்து கடைக்காரன் அன்றுதான் பார்த்தான்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. "பார்த்துட்டார் தம்பி," என்றாள் அம்மாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், அதற்குள்ளேயே சந்தோஷம் முட்டிக்கொண்டு நின்றது. "அலமாரிக்கு எதிர்த்தாப்லதான் கட்டில் போட்டிருக்கேன். ஒரு சுத்து பார்த்தார். 'தூசி தட்டினியா'ன்னு கேட்டார். 'ஆமா'ன்னேன். அவ்வளவுதான். கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கறார்." கடைக்காரன் போனை வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மனைவி தேநீர் வாங்கிவரச் சொன்னாள். அவன் வாங்கி வந்தான். இருவரும் கண்ணாடி அலமாரியில் நான்காவது இடத்தில் விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். பூச்சியைப் பற்றி விசாரிக்க ஒரு வக்கீல் வந்தார். பூச்சி எல்லாம் ஒழிந்தது என்று சொல்லி அனுப்பினான். அப்படி ஒரு நிம்மதி.

நிம்மதி மறுநாள் மூன்று மணி வரை நீடித்தது. மூன்று மணிக்கு நீலச் சைக்கிள் வாசலில் நின்றது.

"அண்ணா, இந்தப் புத்தகத்தை மாத்திக் குடுக்கணும்," என்றாள் அந்தப் பெண். கையில் பழுப்புத் துணி நாவல். "ஊருக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன். கதை நல்லாத்தான் போச்சு. நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் நேரா நூத்தி இருபத்தொன்பது வருது. நடுவுல இல்லவே இல்ல."

கடைக்காரன் வாங்கிப் பார்த்தான். கிழித்த அடையாளம் எதுவும் இல்லை, தையல் ஒழுங்காக இருந்தது. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைப்பார்கள், ஒவ்வொரு மடிப்புக்கும் ஃபாரம் என்று பெயர். அந்தக் காலத்து பைண்டர் எட்டாவது ஃபாரத்தை எடுக்க மறந்து ஏழுக்கு மேல் ஒன்பதை வைத்துத் தைத்துவிட்டிருக்கிறான். பக்க எண்ணைப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. எந்தப் பழைய புத்தகம் வந்தாலும் பக்கம் எண்ணாமல் தட்டில் வைக்காத கடைக்காரன், இந்த ஒரு வீட்டுச் சரக்கை மட்டும் எண்ணவில்லை. அடிக்குறிப்பு வாங்கிய புத்தகத்தில் குறை இருக்குமா என்று விட்டுவிட்டான். அந்தப் பெண்ணுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிடித்த வேறு புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு விஷயம் உறைத்தது. பேராசிரியரின் பிரதியில் பதினாறு பக்கம் இல்லை. அவர் அலமாரியில் முந்தாநாளிலிருந்து நிற்கிற பிரதியில் இருக்கிறது. பக்கம் குறைந்த புத்தகத்தைத் திருடினால்கூட ஆள் கவனிக்காமல் போகலாம். நிறைந்த புத்தகத்தை வைத்துவிட்டு வந்தால்?

"இன்னும் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்," என்றாள் மனைவி. "அறுநூறு புத்தகத்துல இதையா எடுப்பார்? ஓடுங்க. நலம் விசாரிக்கிற மாதிரி போய் மாத்தி வெச்சுட்டு வாங்க."

பழம் வாங்கும் நேரம்கூட இல்லாமல், நாவலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனான். அம்மாள் கதவைத் திறந்தாள். ஒரு வாரமாகப் பார்த்த அம்மாள் இல்லை; தலை வாரி, முகம் கழுவி, பத்து வயது குறைந்திருந்தாள். "வாங்க தம்பி, நீங்க வந்தா ரொம்ப சந்தோஷப்படுவார். பேசிட்டு இருங்க, டீ போடறேன்," என்று சமையலறைக்குள் போனாள்.

பேராசிரியர் மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக, சட்டை தோளில் தொங்கியது. கண் மட்டும் பழைய சனிக்கிழமைக் கண். மார்பின்மேல் பழுப்புத் துணி நாவல் கவிழ்ந்து கிடந்தது. கடைக்காரன் அதைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டான்.

"வாய்யா. சட்டைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"நீ ஒரு வீட்டுக்கு வந்தா புத்தகத்தை எடுத்துட்டுத்தானே போவே," என்றார் பேராசிரியர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கவேண்டியிருந்தது. "கொண்டு வர்ற பழக்கம் எப்பத்திலிருந்து?"

கடைக்காரன் நாவலை எடுத்துக் கட்டிலில் வைத்தான். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சொல்வதற்கு எவ்வளவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தான்; கடைசியில் வாயில் வந்தது, "மன்னிச்சுடுங்க சார். நான் அன்னைக்கு வந்திருக்கக் கூடாது," என்பது மட்டும்தான்.

"ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவேன்னு உனக்கு ஊர்ல பேராச்சே. எனக்கு மட்டும் என்னய்யா அவசரம்?" என்று கேட்டுவிட்டு, பேராசிரியர் சத்தம் வராமல் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் நின்றதும் குறையுள்ள பிரதியை எடுத்து, பார்க்காமலேயே சரியான இடத்தில் திறந்தார். "முப்பத்திரண்டு வருஷம். நூத்திப் பன்னிரண்டுல கதாநாயகி பெட்டியைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறா. நூத்தி இருபத்தொன்பதுல வீட்டு அடுப்புல பால் பொங்குது, அவ பக்கத்துல நிக்கிறா. நடுவுல எங்க போனா? யாரைப் பார்த்தா? உன் கண்ணாடி அலமாரியில முழுப் பிரதி இருக்கறது எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷமா வாராவாரம் பார்த்துட்டுத்தான் இருக்கேன். கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பே. படிச்சுட்டா தீர்ந்துபோயிடும்னு கேட்கல. நானே ஆயிரம் கதை கட்டிக்கிட்டேன். பழைய சிநேகிதன் ஒருத்தன் இருந்திருக்கான், அவன்கிட்டதான் இவ போனான்னு." மூச்சுக்காக நிறுத்தினார். "நேத்து கண்ணு முழிச்சதும் எதையாவது படிக்கணும்னு தோணுச்சு. பழகின புத்தகமா இருக்கட்டும்னு இதை எடுத்தேன். நூத்திப் பதிமூணு இருந்துச்சு. புத்தகத்துக்குப் புதுசா பக்கம் முளைக்காது. அப்பவே எல்லாம் புரிஞ்சுடுச்சு."

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன். அவ எங்கயும் போகலய்யா. வெயிட்டிங் ரூம்ல உட்கார்ந்திருக்கா. வண்டி வருது, போகுது. பயந்துபோய் உட்கார்ந்திருக்கா, அவ்வளவுதான். நான் அவ மேல முப்பத்திரண்டு வருஷம் சந்தேகப்பட்டுட்டேன்." சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. நேத்து ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினா. ஆறு வாரம் தூங்கலையாம், நர்ஸ் சொன்னா. அவளும் நல்லா இருக்கட்டும். இந்தப் புத்தகத்தை எடுத்து ஒளிச்சுக்கோ."

கடைக்காரன் கையை நீட்டினான். அதற்குள் அம்மாள் தட்டோடு உள்ளே வந்துவிட்டாள்.

புத்தகம் படிக்காதவள்தான். ஆனால் அறுநூற்று நாற்பது புத்தகத்தின் உள்ளட்டையைத் தன் கையால் தேய்த்தவள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிடப்பதைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், கடைக்காரனின் நீட்டிய கையைப் பார்த்தாள். தட்டை மெதுவாக ஸ்டூலில் வைத்தாள். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், புதுசாக ஒன்று வாங்கினேன் என்பதுபோல. அவள் கேட்கவில்லை.

"வித்துட்டேங்க," என்றாள். "எல்லாத்தையும். நீங்க இருக்கும்போதே. அன்னைக்கு டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

சொன்ன பிறகு அவள் அந்தப் பார்வைக்காகக் காத்து நின்றது கடைக்காரனுக்குத் தெரிந்தது. அடுப்பை அணைக்காமல் வந்திருக்கிறாள். உள்ளே ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. பேராசிரியர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார்.

அம்மாள் வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். அழுகைதான் வரப்போகிறது என்று கடைக்காரன் நினைத்தான். வந்தது அழுகையும் சிரிப்பும் கலந்த ஒன்று. ஆறு வாரமாக உள்ளே கட்டிவைத்திருந்தது அத்தனையும் ஒரேயடியாக அவிழ்ந்து தோள் குலுங்கியது. பேராசிரியர் சிரமப்பட்டுக் காலை இழுத்துச் சுவரோரமாக நகர்த்தி இடம் விட்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கடைக்காரனை இருவருமே மறந்துவிட்டார்கள். அவன் உள்ளே போய் அடுப்பை அணைத்தான், திரும்பி வந்து தன் டீயைத் தானே எடுத்து நின்றபடியே குடித்தான். மூன்று வாரமாக நெஞ்சில் ஒரு கல் இருந்திருக்கிறது. அது இறங்கிய பிறகுதான் இருந்தது தெரிந்தது.

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் புத்தகத்துல, ரெண்டு ரெண்டா வாங்கி வைக்கிறதுக்கு?" என்று கேட்டாள் அம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒரு பொம்பளை ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கா."

"உட்கார்ந்து?"

"படிக்கிறேன், கேளு."

"இத்தனை வருஷம் ஒரு வரி எனக்குப் படிச்சுக் காட்டினது இல்ல. இப்பத்தான் மூச்சு இல்லாம இருக்கு, இப்பப் படிக்கப் போறாராம்," என்றாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கடைக்காரன் டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தான். இரண்டு பிரதிகளில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது ஜன்னல் வழியாகப் பேராசிரியரின் குரல் கேட்டது. ஸ்டேஷன் அறையில் பெஞ்சு, பெட்டி, மடியில் கோத்த கைகள். முதல் வண்டி வந்தது, ஆட்கள் ஏறினார்கள், புகை கலைந்தது. அடுத்த வரியில் மூச்சு அறுந்தது. நடுவாக்கியத்தில் குரல் நின்றுவிட்டது. கடைக்காரன் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றான். உள்ளே காகிதம் கைமாறுகிற சத்தம். பிறகு அதே வரியை அம்மாளின் குரல் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் படித்த பிறகு சத்தம் போட்டுப் படித்தே பழக்கமில்லாத குரல், ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி: "இரண்டாவது... வண்டியும்... வந்து... நின்றது."